ஐவி டீச்சரும் என் சேவலும்

ஐவி டீச்சரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் அதற்கு என்னைவிட உரிமையுள்ள ஆள் கிடையாது. அந்த அம்மாள் தன் இங்கிலீஷ் வகுப்பில் என்னையும் என் சேவலையும் இழுத்த மாதிரி வேறு யாரையும் இழுத்ததில்லை.

என் பெயர் தரணிதரன். சேரம்பாடிப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் ஃபேக்டரியில் இலை வாட்டும் வேலை. ஐவி குன்னூர்க்காரர். கல்யாணத்துக்கு முன் அங்கே ஒரு கெஸ்ட் ஹவுஸில் வருகிறவர்களுக்கு அறை காட்டி, இங்கிலீஷில் பேசிக்கொண்டு இருந்தவர். எஸ்டேட் வேன் டிரைவர் சில்வஸ்டரைக் கட்டிக்கொண்டு எங்கள் லைனுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து அவருக்குப் பெயர் என்று ஒன்று இருப்பதையே நாங்கள் மறந்துவிட்டோம். கடையில் சில்வஸ்டர் சம்சாரம், சர்ச்சில் சில்வஸ்டர் சம்சாரம், தண்ணீர்க் குழாயடியில் டிரைவர் ஊட்டம்மா. வருஷக்கணக்காக அப்படித்தான் ஓடியது.

எதிர்வீட்டு சரிதாவுக்கு மசினகுடி ரிசார்ட்டில் வேலைக்குப் போக ஆசை. அங்கே இங்கிலீஷ் கேட்கிறார்கள் என்று ஐவியிடம் போய் நின்றாள். அவளைப் பார்த்து இன்னும் சில பெண்களும் சேர்ந்துகொள்ள, பிள்ளைக் காம்பராவில் சாயங்கால வகுப்பு ஆரம்பமானது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடமாக இருந்தது அது. இப்போது லைனில் குழந்தைகளே குறைந்துவிட்டதால் பூட்டிக் கிடந்தது.

முதல் பாடமே தகராறு. டீச்சர் ஏதோ பழைய புத்தகத்தைப் பார்த்து, 'ஜான்ஸ் அங்கிள் மே கம் டுமாரோ' என்று பலகையில் எழுதினார். ஜானுடைய மாமா நாளைக்கு வந்தாலும் வரலாம் என்று அர்த்தமும் சொன்னார். சிலோனிலிருந்து வந்த குடும்பத்து, லைனை லயம் என்றே சொல்லும் ஆண்டாயி அக்கா கையைத் தூக்கியது.

"என்னா ஐவி டீச்சர், யாரு இந்த ஜானு? எந்த லயத்துக்காரன்?"

"யாருமில்லீங்க்கா. சும்மா ஒரு பேருங்க."

"சும்மா ஒரு பேருக்கு மாமன் எப்புடி வருவாரு?"

வகுப்பு அத்தோடு நின்றுவிட்டது. ஜான் யார், மாமா எதற்கு வருகிறார், பெண் பார்க்கவா, சண்டைக்கா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அது தெரியாமல் அடுத்த வரிக்கு ஒருத்தியும் நகரத் தயாராக இல்லை. டீச்சர் ஜானை அழித்துவிட்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். என் கெட்ட நேரம், என் சேவல் அந்தப் பக்கமாக நடந்துபோனது.

'தரணிதரன்ஸ் ரூஸ்டர் ஷுட் நாட் க்ரோ.' தரணிதரனுடைய சேவல் கூவக் கூடாது.

வகுப்பே கைதட்டியது. காரணம் இருந்தது. காலையில் ஃபேக்டரிச் சங்கு ஊதினால்தான் பெண்கள் பெரட்டுக்குக் கிளம்புவார்கள், அதாவது ஆஜர் கொடுக்க. என் சேவலுக்குச் சங்கோடு போட்டி. சங்குக்கு ரொம்ப முன்னாலேயே கூவும். மழை மாதத்தில் சங்குச் சத்தம் காதில் சரியாக விழாததால், சேவலை நம்பிப் பாதி லைன் கூடையை மாட்டிக்கொண்டு மஞ்சில் போய் நின்று, அங்கே ஒரு ஈ காக்கை இல்லாமல் என்னைத் திட்டிக்கொண்டே திரும்பியிருக்கிறது. அதற்குச் சேவல் என்ன செய்யும்?

அன்றிலிருந்து எடுத்துக்காட்டு எல்லாம் லைனுக்குள்ளேயே. யாருடைய எது, என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, எது செய்தே ஆக வேண்டும் என்று வரிசையாக எழுதித் தள்ளினார்கள். சரிதாவின் புருஷன் தன் தட்டைத் தானே கழுவியாக வேண்டும். ஆண்டாயியின் கூரை விழுந்தாலும் விழலாம். தமிழில் சொன்னால் மண்டை உடையும் விஷயங்களைப் பாடம் என்ற பெயரில் எல்லாரும் சேர்ந்து உரக்கப் படித்தார்கள். அதிலும் என் சேவல் வராத நாளே இல்லை. நான் ஒருநாள் ஜன்னலுக்கே போய்க் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க டீச்சர், எஸ்டேட்ல வேற சேவலே இல்லீங்களா?"

"இருக்குதுங்ண்ணா. உங்க பேருதான் நல்லா நீளமா இருக்குதுங்க. அவுங்க நாக்குக்குப் பயிற்சி."

சண்டை போட அடிக்கடி அந்த ஜன்னலுக்குப் போய் நின்றதில், என் அனுமதி இல்லாமலே அந்த வாக்கியங்கள் என் மண்டையில் ஏறிவிட்டன.

அப்போதுதான் புது மேனேஜர் வந்தார். வடக்கத்தி ஆள். பெரிய பங்களாவில் தனிக்கட்டை. உர மூட்டை அடுக்க இடம் தேடியவரின் கண்ணில் பிள்ளைக் காம்பரா பட்டது. வெள்ளிக்கிழமை அளந்து பார்க்க வருவதாகவும், அதற்குள் காலி செய்ய வேண்டும் என்றும் சில்வஸ்டர் மூலமாகவே சொல்லி அனுப்பினார். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடு என்றார் சில்வஸ்டர். அந்த வீட்டில் ஒரு அறை, அந்த அறையில் படுக்கையாகக் கிடக்கும் அவர் அப்பா. மாணவிகளைக் கூரை மேல்தான் உட்கார வைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அளவு டேப்போடு உள்ளே வந்தார். நான் வழக்கம்போல ஜன்னலில். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மச்சான் விருந்துக்கு வருவதாக இருந்தது. அந்தச் செய்தி எனக்கு முன்பே பலகைக்குப் போயிருந்தது: 'தரணிதரன்ஸ் ரூஸ்டர் மே பிகம் கறி ஆன் சண்டே.' மேனேஜர் அதைப் படித்தார். டேப் பாதியில் நின்றது.

"ஹூ இஸ் தரணிதரன்?"

ஆண்டாயி அக்கா எழுந்து நின்றது. "ஃபேக்டரி மேன், சார். ரூஸ்டர் வெரி பேட், சார்."

"வெட்டுவான், இல்லை?" மேனேஜர் அரைகுறைத் தமிழில் கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல டீச்சர் வாயைத் திறந்தார். அக்கா முந்திக்கொண்டது. "மே, சார். மே. மே நாட், சார்."

மேனேஜர் சிரித்துவிட்டார். இந்த ஊருக்கு வந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன், அப்போது சொல்லுங்கள் என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். வெளியே வந்ததும் அக்கா சொன்னது: "அந்தாளும் நம்மள மாதிரிதான். என்னா ஆச்சுன்னு தெரியாம காம்பராவப் புடிக்க மாட்டாரு. சேவல் கத முடியவே கூடாது டீச்சர்."

நான் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மச்சானுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது டீச்சர் என் வாசலில் வந்து நின்றார். அவர் என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணா, சேவல அறுத்துராதீங்க."

"கூவக் கூடாதுன்னு எழுதுனது நீங்கதானுங்களே?"

"கூவட்டுங்க. எந்நேரமும் கூவட்டுங்க." கத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த ரூமு போச்சுன்னா நான் மறுக்கா சில்வஸ்டர் சம்சாரம்தானுங்க. இத்தன வருசத்துல என்னையப் பேரு சொல்லிக் கூப்புடறது அந்த நாலு செவுத்துக்குள்ளதானுங்க."

சொல்லிவிட்டு அழுதுவிட்டார். என் வாசலில் யாரும் அழுவது எனக்குப் பிடிக்காது. அதுவும் நான் கத்தியைக் கீழே வைக்கிற மாதிரி அழுதால் சுத்தமாகப் பிடிக்காது. பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மச்சான் முட்டைக் குழம்பு சாப்பிட்டார். இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மேனேஜரின் ஜீப் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. பலகையில் டீச்சர் எழுதியிருந்தார்: 'தரணிதரன்ஸ் ரூஸ்டர் மே லிவ்.' சேவல் பிழைத்தாலும் பிழைக்கலாம்.

மேனேஜர் முகம் சுருங்கியது. "ஒன்லி மே?"

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "நோ சார்! மஸ்ட்! தரணிதரன்ஸ் ரூஸ்டர் மஸ்ட் லிவ், சார்!"

மொத்த வகுப்பும் திரும்பியது. டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. ஒரு நாள்கூட வகுப்பில் உட்காராத நான் பேசிய முதல் இங்கிலீஷ் அது.

"திஸ் மேன் யாரு?"

"தரணிதரன், சார்!" என்றது வகுப்பு, நீளமான பெயரை ஓர் எழுத்து பிசகாமல்.

மேனேஜர் ஜன்னலுக்கு வந்து கம்பி வழியாக என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு டீச்சரிடம் திரும்பி, உரம் ஃபேக்டரி வராந்தாவிலேயே இருக்கட்டும், இந்த ரூம் உங்களுக்கு, ஆனால் வெள்ளிக்கிழமை எனக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்றார். ஆண்டாயியின் கூரை வாக்கியத்தையும் அன்றே படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். மறுவாரம் அக்காவின் கூரைக்குப் புதுத் தகரம் வந்தது.

ஃபேக்டரி வராந்தாவில் அந்த உர மூட்டைகளில் நான்தான் தினமும் இடறி விழுகிறேன். சரிதா மசினகுடியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சேவல் அரிசியும் பொட்டுக்கடலையும் தின்று உருண்டு கிடக்கிறது. முன்னைவிடச் சீக்கிரம் கூவுகிறது. யாரும் ஒரு வார்த்தை திட்டுவதில்லை.

கட்டடத்தை இப்போது எல்லாரும் ஐவி டீச்சர் காம்பரா என்கிறார்கள். சில்வஸ்டரைக்கூடக் கடையில் 'ஐவி டீச்சர் ஊட்டுக்காரர்' என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். என் பெயர்தான் போய்விட்டது. நேற்று மேனேஜர் ஜீப்பை நிறுத்திப் பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: "தட் இஸ் த ரூஸ்டர்ஸ் தரணிதரன்."