பிள்ளைக்கு வராது

மகள் பிறந்த சில மாதங்களில் நான் தொடங்கிய மாத்திரை இனி பலிக்காது என்று பாளையங்கோட்டை டாக்டரம்மா சொன்னார். என் ரத்தப் புற்றுநோய்க்குக் காரணமான மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்துவிட்டதாம். வேறு மருந்து உண்டா என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டதோ, "என் பிள்ளைக்கு இது வருமா?"

"வராதும்மா. இது பரம்பரை இல்ல. உங்க எலும்பு மஜ்ஜையில ஒரு செல்லுல பிற்பாடு உண்டானது."

அது போதும் என்பதுபோல் எழுந்து வந்துவிட்டேன்.

சேரன்மகாதேவியில் வீட்டு வாசலிலேயே மாமியார் மறித்தார். "என்னளா சொன்னாவ?"

"பிள்ளைக்கு வராதாம் அத்தை."

"அப்பாடா! ஒங்க வீட்டு ரத்தம் எம்பேத்திக்கும் வந்துருமோன்னு பயந்து கெடந்தேன்!" எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னார்.

வேலை முடிந்து வந்த கணவர் மகளைத் தூக்கிச் சுற்றினார். "நல்ல சேதிதானட்டி? பொறவு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

மாத்திரையைப் பற்றி இப்போது சொல்வதா, சாப்பிட்ட பிறகா? சொன்னால் இந்தச் சிரிப்பு நின்றுவிடும். இவள் பள்ளிக்கூடம் போவதை நான் பார்ப்பேனா என்பதை இனி யாரிடம் கேட்பது?

"ஆமா, நல்ல சேதிதான்" என்றேன்.