மாமா எழுதிக்கொடுக்கும் நேரம்

என் அக்கா வீட்டுக்காரரை நீச்சல் கிளப்பில் ‘கறார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பவர் கூடியது தெரியக் கூடாதென்று, கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகையின் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறவர்கள் அவர் கடைக்கு நிறையப் பேர் வருவார்கள். மாமா சத்தமே போடாமல் பலகையை மாற்றிவிட்டு, “இப்ப படிங்க” என்பார். வந்தவர் திருதிருவென்று முழிப்பார். இந்த வயசில் கண்ணிடமே பொய் சொல்கிறார்களே என்று மாமாவுக்கு ஆறவே ஆறாது.

அதே கறாரை நீச்சல் குளத்துக்கும் கொண்டுவந்தார். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கான போட்டிகள் அவை. ஜெயித்தால் ஒரு தகர மெடல், தோற்றால் முதுகுவலி. ஆனால் பெயர் கொடுக்கும்போதே, அந்தத் தூரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நாமே எழுதிக்கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் வேகமானவர்களை ஒரு சுற்றிலும் மெதுவானவர்களை வேறு சுற்றிலும் போடுவார்கள். ஆளின் யோக்கியதை இங்கேதான் சந்தி சிரிக்கும். சிலர் கல்யாணத்துக்கு முன் நீந்திய நேரத்தை எழுதிவிட்டு, வேகமானவர்களுக்கு நடுவே தண்ணீர் குடிப்பார்கள். சிலர் வேண்டுமென்றே கூட்டி எழுதி, பாவப்பட்டவர்களோடு நீந்தி முதலில் வந்து கையைத் தூக்குவார்கள். மாமாவுக்கு இரண்டு கூட்டத்தையும் கண்டால் ஆகாது.

“என்னைக்கோ நீந்தினதை எழுதாதீங்க. ஆசைப்படறதையும் எழுதாதீங்க. போட்டி அன்னைக்கு எவ்வளவு ஆகுமோ, அதை எழுதுங்க” என்று இடுப்பில் துண்டோடு உடை மாற்றும் அறையில் நின்று பிரசங்கம் செய்வார். எனக்குத் தண்ணீர் வாளியில் இருந்தால் போதும். அக்கா விடாமல் நச்சரித்ததால் போட்டிகளில் கரையில் நின்று நேரம் பார்த்து வாட்ச் பிடிக்கிற வேலைக்கு மட்டும் தலையாட்டி வைத்தேன்.

பெயர் கொடுக்கும் வாரத்தில் மாமா ஒரு நாள் காலையில் தன் போட்டித் தூரமான நானூறு மீட்டரை முழுசாக நீந்துவார். குளத்துச் சுவர்க் கடிகாரம் நின்றுபோய் வருஷக்கணக்காகிறது, அதனால் அக்கா கரையில் நின்று வாட்ச் பிடிப்பாள். அவள் சொல்வதை அப்படியே எழுதுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாமாவின் இடது கை நடுங்க ஆரம்பித்தது. கண்ணாடி வில்லைகளின் விளிம்பைத் தேய்க்கும்போது கோணலாகப் போனது. நரம்புக் கோளாறு என்றார் டாக்டர். மெதுவாகத்தான் கூடும், சிலருக்கு வருஷக்கணக்கில் கூடாமல் அப்படியே நிற்கும், நீச்சலை விட வேண்டாம் என்றார்.

“கூடுதா, நிக்குதான்னு எப்படி சார் தெரிஞ்சுக்கறது?” என்று மாமா கேட்டார்.

“உங்களுக்கே தெரியும்.”

படிக்கட்டில் இறங்கும்போதே மாமா அக்காவிடம் சொல்லிவிட்டார்: “நம்மகிட்டதான் வாட்ச் இருக்கே. டைம் கூடாத வரைக்கும் நோயும் கூடலைன்னு அர்த்தம்.”

அடுத்த முறையே டைம் கூடியது. கரையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, பரீட்சை ரிசல்ட் கேட்கிற பையனைப் போல அண்ணாந்து பார்த்தார் மாமா. அக்கா வாட்சைப் பையில் போட்டுக்கொண்டே, “போன தடவை மாதிரியேதான். எட்டு நிமிஷம்” என்றாள். அன்றைக்குக் கடையில் வந்தவன் போனவனுக்கெல்லாம் மாமா டீ வாங்கிக் கொடுத்தாராம்.

அதற்கப்புறம் அக்காவால் நிறுத்த முடியவில்லை. விஷயம் தெரிந்ததும் நான் கத்தினேன்.

“போட்டியில தெரிஞ்சிடாதா? உனக்கு அறிவிருக்கா?”

“அந்த மூஞ்சியைப் பாத்துட்டு நீ சொல்லுடா பாப்போம்” என்றாள்.

என்னாலும் சொல்ல முடியவில்லை. போட்டிக்குப் போகாமல் தடுக்க அவள் சளி என்றாள், தலைசுத்தல் என்றாள், வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்றாள். மாமா எதற்கும் மசியவில்லை. நோய் நின்றுவிட்டது என்று நம்பிய மனுஷன், பையை முதல் நாளே கட்டி வைத்துவிட்டார்.

எட்டு நிமிஷக்காரர்களின் சுற்றில் அவரைப் போட்டிருந்தார்கள். அவருடைய பாதைக்கு வாட்ச் பிடித்தவர்கள் இரண்டு பேர், நானும் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும். நூறு மீட்டர் வரை ஒட்டிப் போனார். பிறகு இடது கை தண்ணீரை விட்டு எழ மாட்டேனென்று அடம்பிடித்தது. மற்றவர்கள் முடித்து, ஏறி, துண்டைப் போர்த்திக்கொண்ட பிறகும் அவருக்குக் குளத்தின் ஒரு முழு நீளம் பாக்கி இருந்தது. பார்த்தவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குதித்து அவரை இழுத்து வரலாமென்றால் எனக்கு நீச்சல் தெரியாது. வாட்சை நிறுத்திவிடலாமென்றால், அது நின்று என்ன ஆகப்போகிறது?

சுவரைத் தொட்டதும் மாமா என்னைத்தான் பார்த்தார்.

“எவ்வளவுடா?”

நான் வாட்சை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். ஒன்றும் அறியாத வாத்தியார் தன் வாட்சைப் பார்த்து, “ஒன்பது நிமிஷம் இருபது செகண்ட் சார்!” என்று சந்தோஷமாகச் சொன்னார்.

மாமா பாதைகளைப் பிரிக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். மேலே படிகளில் அக்கா அவருடைய துண்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாத்தியாரிடம், “ஆரம்பத்துல அவசரப்பட்டுட்டேன் சார். அதான்” என்றார். நேரத்தைப் பற்றி அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

காரில் திரும்பி வரும்போது அவர் அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “வெளியில சாப்பிட்டுட்டுப் போயிடலாமா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட அக்கா பிழைத்திருப்பாள். பின் சீட்டில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருந்தது, அதற்கும் ஆள் கிடைக்கவில்லை.

அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும் வாரம் வந்தது. அன்று நானும் கூடப் போயிருந்தேன். மாமா நீந்தி முடித்ததும், அக்கா குனிந்து வாட்சையே அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டினாள்.

“ஒன்பது இருபத்தஞ்சு” என்றாள்.

மாமா தலையாட்டினார். ஏறி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, இடது முழங்கையால் தாளை அழுத்திப் பிடித்தபடி எழுதினார். அக்கா எட்டிப் பார்த்தாள். பத்து நிமிஷம் என்று இருந்தது.

“நீங்களேதானே பாத்தீங்க? நான் ஒரு செகண்டுகூடக் குறைச்சுச் சொல்லலையே. எதுக்குப் பத்துன்னு எழுதறீங்க?”

“நீ சரியாத்தாம்மா சொன்னே” என்றார் மாமா. “அது இன்னைக்கு டைம். போட்டிக்கு இன்னும் மூணு மாசம் இருக்கே.”