தைலம் பூசிய பேலட்

1. முத்து முத்தாக

குன்னூரில், தேயிலை நோய்களைக் கவனிக்கும் ஓர் ஆலோசனை அலுவலகத்தில் நான் ஓவியர். நோய் பிடித்த இலையை அப்படியே வாட்டர்கலரில் வரைவது என் வேலை. படம் அட்டையாக அச்சாகி எஸ்டேட்டுகளுக்குப் போகும். மருந்து அடிக்க வேண்டுமா, இன்னும் பொறுக்கலாமா என்று அதைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

சேர்ந்த அன்று, சாயம் கலக்கும் தட்டாகப் புது பிளாஸ்டிக் பேலட் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பச்சையைத் தண்ணீரில் கலந்தால், பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு நின்றது. தாமரை இலைத் தண்ணீர் என்று சும்மாவா சொன்னார்கள். சாயம் மட்டமாகப் பரவினால்தான் அது எவ்வளவு வெளிறியது என்று கண்ணுக்குப் பிடிபடும். முத்தாக நிற்கும்போது கறுப்பாகத் தெரிவது, தாளில் தொட்டால் சாயமே இல்லாமல் போகும். ஆறு தாளைக் கிழித்தேன். கடைசியில் பல்பொடியைத் தொட்டு, ஈரத்துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்துப் பார்த்தேன். பளபளப்பு மங்கியதும் சாயம் சமர்த்தாகப் படிந்தது. அதன் பிறகு அந்தப் பேலட்டை வெறும் தண்ணீரில் மட்டுமே கழுவினேன். வருடக்கணக்கில் மஞ்சளும் பச்சையும் ஊறி, பார்ப்பவர்களுக்கு அழுக்காக இருக்கும். எனக்கு அது அழகு.

2. சாம்பல்

ஒன்பது வருடம் கழித்து, கோயம்புத்தூரிலிருந்து ஒரு புது மேனேஜர் வந்தார். நல்ல மனிதர், எதையும் நேராகக் கேட்பவர்.

"ஏனுங்க மேடம், போன்ல போட்டோ எடுத்து அனுப்புனா ஆச்சுங்களே. இதுக்குன்னு ஒரு ஆளு வேணுங்களா?"

"ஒவ்வொரு போன்லயும் ஒவ்வொரு பச்சை தெரியுதுங்க சார்."

"சரிங்க. நாளைக்கு கொப்புள நோய் எல ஒண்ணு வரைஞ்சு காட்டுங்க. பார்த்துட்டு உங்க போஸ்ட்டப் பத்தி மேல எழுதறேன்."

வருடா வருடம் புதுப்பிக்கும் வேலை என்னுடையது. எனக்கு வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அன்று அருவங்காட்டில் இருக்கும் வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பும்போது, வழியெல்லாம் தேயிலையின் பச்சையை இனிமேல் பார்க்கவே முடியாது என்பதுபோல் பார்த்துக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை மேசைக்கு வந்தால் தைல வாசனை மூக்கைத் துளைத்தது. பேலட் வெள்ளை வெளேரென்று மின்னியது. பக்கத்தில் ராமாயி அக்கா நின்றிருந்தார். சிலோனிலிருந்து வந்த குடும்பம். முப்பது வருடம் கொழுந்து எடுத்துவிட்டு, முட்டி தேய்ந்த பிறகு காண்ட்ராக்டில் எங்கள் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்க வந்தவர்.

"பெரியவரு பார்க்க வர்றாருன்னு தொடச்சு வச்சிருக்கேன் மிஸ். யூகலிப்டஸ் தைலம் போட்டா எந்தக் கறையும் போயிரும்."

இந்த மலையில் தலைவலிக்கும் தைலம், கறைக்கும் தைலம். பிரஷ்ஷால் ஒரு சொட்டு வைத்தேன். முத்தாக உருண்டது.

"உங்களை யாருங்க தொடச் சொன்னது? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே."

அக்கா வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் ஆள் ஒருவர் பக்கத்து எஸ்டேட்டில் பறித்த இலையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார். மத்தியானத்துக்குள் அது கறுத்துவிடும். பேலட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், பல்பொடியும் போட்டுத் தேய்த்தேன். பிசுக்கு போகவில்லை. பத்தரை மணிக்கு மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, இன்னும் ஆரம்பிக்கலீங்களா?"

அவருக்குப் பின்னால் மாப்போடு அக்கா. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்காவின் காண்ட்ராக்ட் அன்றோடு முடிந்திருக்கும்.

"சாயம் பதத்துக்கு வரலீங்க சார். வந்துரும்" என்றேன்.

அவர் நகர்ந்ததும் அக்கா உள்ளே வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் இலை காயவைக்கும் ட்ரையர் அடுப்பின் சாம்பல்.

"எண்ணெப் பிசுக்குக்கு இதுதான் கேக்கும் மிஸ்."

துணியில் சலித்து, நைசான சாம்பலை மட்டும் எடுத்து இருவரும் மாறி மாறித் தேய்த்தோம். அலசிவிட்டுப் பார்த்தால், தண்ணீர் உருளாமல் பேலட் முழுக்க ஒரே ஏடாகப் பரவி நின்றது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. ஜன்னல் வழியாக மஞ்சுமூட்டம் உள்ளே வந்தது. முதலில் சில்வர் ஓக் மரங்கள் போயின, பிறகு ஃபேக்டரிக் கூரை, பிறகு என் மேசையின் அந்த ஓரம். இலை மட்டும் இருந்தது. அதில் லேசாகக் குழிந்த ஒரு புள்ளி, எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி வெளிறியிருந்தது. எலுமிச்சை மஞ்சளில் பச்சையைத் தொட்டும் தொடாமலும் கலந்து, தண்ணீராக ஒரு மெல்லிய பூச்சு, ஒரு வாஷ். மஞ்சில் தாள் காய வெகுநேரம் ஆகும். அது காயும்வரை கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேனோ என்னவோ. பிறகு இன்னொரு வாஷ். எதற்காக வரைகிறேன் என்பதுகூட மறந்து, மனசு லேசாகக் கிடந்தது. ஃபேக்டரிச் சங்கு ஊதியபோது தேநீரில் ஆடை படிந்திருந்தது.

மேனேஜர் வந்தார். படத்தின் பக்கத்தில் தன் போனை வைத்து இரண்டையும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிளாஸை எடுக்க வந்த அக்காவின் கண் படத்தில் விழுந்தது. கிட்டே வந்து, ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க பாக்கறீங்க?" என்றார் மேனேஜர்.

"கீழ்ப்பக்கம் வெள்ள பூத்துருச்சான்னு பார்த்தேங்கய்யா. பூத்துட்டா மருந்தடிச்சும் பிரயோசனமில்ல." சொன்ன பிறகுதான் கையில் இருப்பது தாள் என்று உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மேனேஜர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். "இருக்கட்டுங்க மேடம். நான் எழுதிக்கறேன்."

அன்று மாலை, காலையில் பேசியதற்காக அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"அந்த எல எந்த நம்பர் மலையில பறிச்சது மிஸ்? மருந்தடிக்கச் சொல்லியாச்சா?"

தூக்கிவாரிப்போட்டது. காலையிலிருந்து நானும் மேனேஜரும் அந்த இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எஸ்டேட்டுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஓடிப்போய் போன் செய்தேன். எஸ்டேட் ஃபீல்டு ஆபீசர் இன்னும் வீட்டுக்குக் கிளம்பியிருக்கவில்லை, நல்லவேளை.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன்: பேலட்டை முதல் நாளே தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிடுங்கள், எண்ணெய்க் கையை அதன் கிட்டே கொண்டுபோகாதீர்கள். இன்னொன்று, இது நான் கற்றுக்கொண்டது. இலை என் மேசைக்கு வந்ததும், பிரஷ்ஷுக்கு முன்னால், எஸ்டேட்டுக்குச் சொல்லப் போனைத்தான் எடுக்கிறேன்.