வேப்பந்திடலுக்கு மூன்று மனுக்கள்

என் மாமியார் என்னிடம் முதன்முதலாக நேரடியாகப் பேசியது ஒரு மனு எழுதச் சொல்லித்தான். குர்லாவில் நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்த பட்டறையிலிருந்து வந்து, கை கால் கழுவிவிட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தேன். அறையை இரண்டாகப் பிரித்திருந்த சேலைத் திரை விலகியது. "மாப்ளைக்கு இங்கிலீசுல மனு எழுத வருமா?" என்று கேட்டார். கேள்வி என் மனைவிக்கு என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவள் குழாயடிக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். வரும் என்றேன், உடனே, அவ்வளவாக வராது என்றும் சொன்னேன். இரண்டில் எதை எடுத்துக்கொண்டாரோ, மறுநாள் என் தலைமாட்டில் கோடு போட்ட தாள்கள் நான்கு இருந்தன.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊரில் மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் கிடையாது. தாராவிக்கு வந்தும் மாமி அதை விடவில்லை. பம்பாயில் எனக்குத் தங்க இடம் இல்லாததால் கல்யாணத்துக்குப் பின் அவர் வீட்டிலேயே இருந்தேன். மொத்த வீடும் ஒரே அறை. அந்த ஒரே அறைக்குள் இருந்துகொண்டே, "ஏட்டி, மாப்ளைக்குச் சோறு போதுமான்னு கேளு" என்று மகளிடம் சொல்வார். அவள் என் பக்கம் திரும்பி அதையே ஒருமுறை சொல்வாள். நான் போதும் என்பேன். அதையும் அவள் திரையைப் பார்த்து ஒப்பிப்பாள். மாமனாரை நான் பார்த்ததில்லை. தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். அந்த வீட்டைக் கட்டியவர். எங்கள் கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்பு அந்த வீட்டிலேயே இறந்துபோனார்.

மனு, வீட்டுக்குப் பின்னால் இருந்த வேப்பந்திடலைப் பற்றியது. எங்கள் வரிசையில் பதினோரு வீடுகள். அவற்றின் பின்சுவருக்கு அப்பால் ஆறு வேப்பமரங்களும், மழைக்காலத்தில் முழங்கால் உயரம் புல்லும் உள்ள ஒரு வெற்றிடம். அறுபதுகளின் நடுவில் அந்தப் பக்கம் முழுவதும் தோல் ஊறும் வாடைதான். சோற்றில் இருக்கும், துணியில் இருக்கும், பிள்ளைகளின் தலைமுடியில் இருக்கும். திடலில் போய் நின்றால் மட்டும் கொஞ்சம் குறையும். அதனால் எல்லாவற்றுக்கும் எல்லாரும் அங்கேதான் போனோம். மிளகாய் காயப்போடுவது அங்கே, நிக்காஹ் பந்தல் அங்கே, எதிர்த்தெரு மளிகைக்கடை அண்ணாச்சி வீட்டாரும் அவர் ஊர்க்காரர்களும் நடத்தும் அம்மன் கொடையும் அங்கே. அது யாருடைய இடம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு அது எங்களுடையதாக இருந்தது.

ஒரு காலையில் திடலின் கோடியில் மூங்கில் குச்சிகளும் கயிறும் தெரிந்தன. யாரோ நான்கு குடிசைக்கு இடம் பிடித்திருந்தார்கள். எங்கள் வரிசை ஆண்கள் போய்ப் பிடுங்கி எறிந்தார்கள். இரண்டு நாளில் மறுபடியும் குச்சிகள் முளைத்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் எல்லாரும் கூடினோம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், தோல் கிடங்கில் மேஸ்திரி. சுற்றிலும் முள்வேலி போட்டால் ஒருவனும் வரமாட்டான் என்றார். வேலியை ஒரே நாளில் பிய்த்துவிடுவார்கள், அம்மனை ஒரு கல்லில் வைத்துவிட்டால் தொட அஞ்சுவார்கள் என்றார் அண்ணாச்சி. அப்படியானால் பக்கத்து மரத்தடியில் தர்காவில் போல ஓர் அவுலியாவின் பேரில் பச்சைக்கொடி ஏற்றலாமே என்றார் இன்னொருவர். எந்த மரம் யாருக்கு என்பதில் பேச்சு நீண்டது. கடைசியில் திடலைக் காப்பாற்ற வந்தவர்கள் மரங்களைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் எல்லாருக்கும் தலையாட்டினேன். ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் சொல்வதுதான் சரி என்று பட்டது. தள்ளி நின்ற பெண்களோடு மாமியும் நின்றிருந்தார். மறுநாள் மாலைதான் திரையை விலக்கி என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "புள்ளைக ஓட இடம் வேணும்னு எழுதுங்க. மூச்சு விட இடம் வேணும்னு எழுதுங்க. எங்களுக்கு வேற இடம் இல்லன்னு எழுதுங்க." அவ்வளவுதான் அவர் சொன்னது. பட்டறையில் ஒரு டிக்‌ஷனரி இருந்தது. அதை வைத்துக்கொண்டு அந்த மூன்று வாக்கியத்தை ஒன்றரைப் பக்கமாக்கினேன். மாமியே வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார். பதில் வரும்வரை என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. அரிசி புடைப்பதையும் துணி தைப்பதையும் பெண்கள் திடலின் கோடியில் போய் முறைவைத்துச் செய்தார்கள். காலை முதல் பொழுது சாயும்வரை அங்கே நாலு பெண்கள் இருந்தார்கள். குச்சி நட யாரும் வரவில்லை.

ஆறு வாரம் கழித்து முனிசிபாலிட்டியிலிருந்து ஒரு சர்வேயர் வந்தார். மராத்திக்காரர், மரியாதையானவர். அவரோடு அளவுச் சங்கிலியைப் பிடிக்க இரண்டு ஆட்கள். கக்கத்தில் சுருட்டிய வரைபடம். பிள்ளைகள் பின்னாலேயே ஓட, நாள் முழுக்க அளந்தார். மாலையில் மேஸ்திரி வீட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டே, இந்தியில் எங்களுக்கு நல்ல சேதி சொன்னார். நீங்கள் எழுதியது சரி. இந்த இடம் திறந்தவெளி என்றுதான் படத்தில் இருக்கிறது. யாரும் கட்டக் கூடாது. நாங்களே வேலி போட்டுத் தருகிறோம். மேஸ்திரி என் முதுகில் தட்டினார். பிறகு சர்வேயர் படத்தை விரித்து ஒரு கோட்டைக் காட்டினார். கோடு, வீடுகளுக்குப் பின்னால் ஓடவில்லை. எங்கள் வாசலுக்கு முன்னால் தெருவோரமாக ஓடியது. பதினோரு வீடும் திடலுக்குள் இருந்தன. அவர் டீ குடித்துக்கொண்டிருந்த வாசலும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தை இன்று நினைத்தாலும் எனக்குத் தலை சுற்றுகிறது. வேலி வேலி என்று ஒற்றைக்காலில் நின்ற மேஸ்திரி, வேலியே வேண்டாம், மனுவைத் திரும்ப வாங்கு என்றார். வேலி உதவாது என்ற அண்ணாச்சி, முனிசிபாலிட்டியே போட்டுக் கொடுக்கும்போது ஏன் மறுக்க வேண்டும் என்றார். அவர் கடை கோட்டுக்கு அந்தப் பக்கம். போன வாரம் அம்மனுக்கும் அவுலியாவுக்கும் மல்லுக்கு நின்றவர்கள் இந்த வாரம் மதத்தை மறந்து தெருவுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நின்றார்கள். எங்கள் வரிசைக்காரர்கள் கேட்டுக்கொண்டபடி இரண்டாவது மனு ஒன்றை எழுதியிருந்தேன். முதல் மனு தவறுதலாக எழுதப்பட்டது, அங்கே திடல் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை என்பது அதன் சாரம். ஆறு வேப்பமரங்களின் நிழலில் நின்றுகொண்டு அதை உரக்கப் படித்தேன்.

படித்து முடித்ததும் மாமி பெண்கள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆண்களைப் பார்த்துப் பேசினார்.

"நாங்க வந்தப்ப இங்க எட்டு மரம் நின்னுச்சு. ரெண்ட வெட்டித்தான் நானும் எங்க வீட்டுக்காரவுகளும் வீடு போட்டோம். அந்த ரெண்டும் இன்னும் எங்க கூரையத் தாங்கிட்டு நிக்கி. குச்சி நட்டவனை வெரட்டினோமே, நாம மட்டும் எப்படி வந்தோம்?"

மேஸ்திரிதான் தணிவாகக் கேட்டார். எங்கள் பக்கத்தில் அக்காவை லாத்தா என்போம். "அதுக்காக இருக்கிற வீட்ட இடிச்சிர முடியுமா லாத்தா?"

"உங்க வீட்ட நான் சொல்லல. என் வீட்டச் சொல்லுதேன்."

என் மனைவிக்கு அப்போது ஐந்து மாதம். வீட்டுக்கு வந்ததும் அவள் அழவில்லை, கத்தவில்லை. பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டே, பிறக்கப்போகிற பிள்ளையை எங்கே போடுவதாக உம்மாவுக்கு உத்தேசம் என்று கேட்டாள். அந்தப் பதினோரு பேரில் உனக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்டாள். வாப்பா கட்டிய வீடு என்றாள். மாமி திரையை முழுதாக ஒதுக்கி ஆணியில் மாட்டிவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, என் வீட்ட மட்டும் எடுத்துக்கிடலாம்னு எழுதுங்க."

"யோசிச்சீங்களா மாமி?" என்றேன்.

"யோசிச்சா எழுதச் சொல்ல மாட்டேன். எழுதுங்க."

எழுதினேன். ஏன் எழுதினேன் என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். எழுத மாட்டேன் என்று சொல்லியிருந்தால் வேறு யாரிடமும் அவர் போயிருக்க மாட்டார். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தலைக்கு மேல் இருந்த கூரையும் அதுதான். மாமி சொன்னது நியாயம் என்று பட்டதால் எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் மேஸ்திரிக்கு எழுதிக் கொடுத்தபோதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஏழெட்டு மாதம் திரைக்குப் பின்னாலிருந்து பேசியவர் எதிரில் உட்கார்ந்து என்னை ஒரு காரியம் கேட்டார் என்ற சந்தோஷத்தில் எழுதினேனோ என்றும் சில சமயம் தோன்றும். அவர் விரலில் மையைத் தடவிவிட்டவனும் நான்தான்.

இரண்டு மனுக்களும் போன பிறகு சர்வேயர் இரண்டு முறை வந்தார். மேஸ்திரியும் மற்றவர்களும் யார் யாரையோ போய்ப் பார்த்தார்கள். முடிவில் கோடு வளைந்தது. பத்து வீடுகளை விட்டுவிட்டு அவற்றின் பின்சுவரை ஒட்டி வேலி வந்தது. திடலுக்குள் போக ஒரு வழி வேண்டுமல்லவா, அதற்கு எங்கள் வீடு இருந்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள். இடிக்க ஆட்கள் வருவதற்கு முன்பே மாமி தகரத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். மேஸ்திரியும் அவர் மனைவியும் வந்து கூடப் பிடித்தார்கள். வேப்பந்தூண்கள் இரண்டில் ஒன்றைக் கறையான் தின்றிருந்தது, தள்ளியதும் விழுந்தது. இன்னொன்று அசையவில்லை. அதை அடியோடு அறுக்க வேண்டியிருந்தது. அறுப்பதைப் பார்க்க மாமி நிற்கவில்லை.

நகரத்தின் கோடியில், மான்குர்தில் ஒரு அறைக்குப் போனோம். அங்கேதான் எங்கள் மகள் பிறந்தாள். போன முதல் நாளே மாமி இரண்டு ஆணி அடித்துச் சேலையைக் கட்டினார். "ஏட்டி, மாப்ளைக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. நான் திகைத்துப்போனேன். அதற்குப் பின் பதினாறு வருடம் ஒன்றாக இருந்தோம். ஒருமுறைகூட அவர் என்னோடு நேராகப் பேசவில்லை. திடலைப் பார்க்கவும் போகவில்லை. தாராவியில் கல்யாணம் என்றால் போவார், பந்தல் திடலில் என்றால் உடம்புக்கு முடியவில்லை என்பார்.

ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருந்தது. புருஷன் இறந்த வீட்டில் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, விட்டுப்போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்பது என் மனைவியின் முடிவு. கூட்டத்தில் தன்னை மட்டம்தட்டுவதற்காகவே செய்தார் என்று மேஸ்திரி கடைசிவரை நம்பினார். நம்பிக்கொண்டே பெருநாளுக்குப் பெருநாள் எங்கள் வீட்டுக்குச் சேமியா கொடுத்தனுப்பினார். புண்ணியவதி என்றார் அண்ணாச்சி. வெட்டிய இரண்டு மரங்களின் உறுத்தல் என்று நான் நினைத்திருந்தேன். எல்லாமே பொருந்துகின்றன. எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. ஒருமுறை பொறுக்காமல், அதை நினைத்து உம்மாவுக்கு எப்போதாவது வருத்தம் உண்டா என்று மனைவியை விட்டுக் கேட்கச் சொன்னேன். அவள் கேட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் அரிசியில் கல் பொறுக்கும் சத்தம் நின்றது. "அன்னைக்கு என்னமோ தோணிச்சு. தோணுனதுக்கெல்லாம் காரணம் கேட்டா நான் எங்க போவேன்னு சொல்லு" என்றார். மனைவி என் பக்கம் திரும்பினாள். எனக்கு அது ஏற்கெனவே கேட்டுவிட்டது. இருந்தாலும் அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

போன மாதம் ஒரு மையித்தை அடக்கம் செய்யத் தாராவிக்குப் போனவன், வழியில் திடல் பக்கம் நடந்தேன். தோல் கிடங்குகள் போய்விட்டன, வாடையும் போய்விட்டது. மேஸ்திரி வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி. வேலிக்குப் பதில் மதில் வந்திருக்கிறது. உள்ளே நான்கு வேப்பமரங்களும் புல்லும் இருக்கின்றன. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாமி வென்றார் என்று இதைச் சொல்லலாமா என்று யோசித்தபடி நுழைவாயிலில் நின்றேன். அந்த இடத்தில் மட்டும் புல் இல்லை. இத்தனை வருடம் ஆட்கள் நடந்து நடந்து தரை இறுகிப்போயிருந்தது. திரை தொங்கிய இடம் எது என்று காலால் அளந்து பார்த்தேன், பிடிபடவில்லை. தலையில் துணிமூட்டையோடு வந்த ஒரு பெண், "சாச்சா, ஜரா பாஜூ" என்றாள். விலகினேன். அந்தப் பக்கம் விலகினேனா, இந்தப் பக்கமா, இப்போது நிற்பது எங்கள் அடுப்படியா மாமி படுத்த இடமா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பின்னால் இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான் மறுபடியும் விலகினேன்.