சிவப்பு நூல் கட்டிய இடம்

இறந்துபோன என் தோழியின் கம்பளிப் பின்னலை நான் பிரித்துவிட்டேன். கடைசிக் கண்ணி வரை, முழுவதையும்! அவள் மகளுக்கு இன்றுவரை தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

பினாங்கு வெயிலில் உட்கார்ந்து கம்பளி பின்னுகிற பைத்தியங்கள் நாங்கள் இருவர். ஆயர் ஈத்தாமில் ஒரே அடுக்குமாடியில் வீடு. நான் பின்னிய கழுத்துத் துண்டுகள் அலமாரி நிறையக் கிடக்கின்றன, போட்டுக்கொள்ள ஆளில்லை. என் தோழி லீலாவுக்கு ஆள் இருந்தது. மகள் துர்கா வேலைக்காகக் குளிர்நாட்டுக்குப் போகவிருந்தாள். அவளுக்கென்று ஒரு சால்வை, இலை இலையாய்த் துளை விழும் லேஸ் பின்னலில்.

லீலா தளர்த்திப் பின்னுவாள். கண்ணிகள் நழுவும். துளை விழவேண்டிய இடத்தில் விழாது. எனக்குப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது. பிரித்துவிட்டு மறுபடி பின்னு என்பேன்.

“பிரிக்கிறதா? மாட்டேன் லா அக்கா. போட்டுக்கப் போறது என் மக. தப்பு எண்ணவா போறா?” என்று சிரிப்பாள்.

பாதிச் சால்வையில் அவள் போய்விட்டாள். மாரடைப்பு... காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனவள் திரும்பவில்லை.

காரியங்கள் முடிந்ததும் துர்கா அந்தப் பாதியை ஊசியோடு கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். “நீங்க முடிச்சுக் குடுங்க ஆன்ட்டி. அம்மா போட்டது அப்படியே இருக்கட்டும்.”

பின்னுகிறவர்களிடையே இது வழக்கம்தான். போனவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்வோம். நானும் தொடர்ந்தேன், சத்தியமாகத் தொடர்ந்தேன்! ஆனால் நான் இறுக்கிப் பின்னுகிறவள். சில வரிசைகளிலேயே அவள் பாதி அகலமாகவும் என் பாதி குறுகலாகவும் நின்றன. வேறு வழி இல்லையா? இருந்தது. தடித்த ஊசிக்கு மாறியிருந்தால் சரியாகியிருக்கும். அது எனக்குத் தெரியும். பின் ஏன்...? அந்தத் தப்புகளுக்குப் பக்கத்தில் என் கைவேலை இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கர்வம். வேறென்ன சொல்ல!

ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தேன். சரசரவென்று வந்தது. சுருண்டு கிடந்த நூலை அலசி, நிமிரட்டும் என்று பால்கனியில் தொங்கவிட்டேன். பிறகு அடி முதல் நுனி வரை நானே பின்னினேன். ஒரு பிழைகூட இல்லை. லீலாவின் விரல் பின்னிய கண்ணி ஒன்றுகூட அதில் இல்லை என்பது, நம்புவீர்களோ மாட்டீர்களோ, அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

துர்கா வாங்கி விரித்துப் பார்த்தாள். விரலால் தடவிக்கொண்டே வந்தவள், “இதுதானே அம்மா போட்டது? தொட்டாலே தெரியுது. உங்களோடது கொஞ்சம் இறுக்கம்” என்றாள். அழுதாள். நான் வாயைத் திறந்தேன்...

“அம்மா நிறுத்துன இடத்துல ஒரு சிவப்பு நூல் கட்டிக் குடுங்க லா ஆன்ட்டி. எனக்கு மறந்துடக் கூடாது.”

கட்டினேன்! நடுவில், கைக்கு அகப்பட்ட ஓர் இலையில், முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

குளிர்காலம் வந்தால் படம் அனுப்புகிறாள். அந்த முடிச்சுக்குக் கீழே உள்ள பகுதியைத்தான் கழுத்தை ஒட்டிச் சுற்றிக்கொள்கிறாள். மற்றது வெளியே தொங்குகிறது. “அம்மா பக்கம்தான் சூடா இருக்கு ஆன்ட்டி” என்று கடைசிப் படத்தோடு எழுதியிருந்தாள்.

நன்றாகப் போர்த்திக்கொள் என்று பதில் அனுப்பினேன்.