எத்தினி பேரு ஏறுவீங்க?

கடலூரிலிருந்து கிளம்பி சிதம்பரம் வந்து சேருவதற்குள் என் பழைய காரின் பின்பக்கம் ஒவ்வொரு வளைவிலும் ஒருக்களித்து இழுத்தது. குற்றவாளி நான்தான். பின்சக்கர அச்சை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கிற இரும்புக் கைகளின் முனையில் இருக்கும் ரப்பர் வளையம், புஷ் என்பார்கள், தேய்ந்துபோயிருந்தது. வீட்டு வாசலில் ஜாக்கி போட்டுத் தூக்கி, போனில் வீடியோ பார்த்து, நானே மாற்றினேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆளில்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமையின் ஆழம் அவர்களுக்கென்ன தெரியும்? மகன் துபாயில். மகள் பெங்களூரில். பேரன் பிறந்ததும் மூன்று மாதத்துக்கென்று மகளிடம் போன என் மனைவிக்கு அங்கே இரண்டு வருடம் ஆகிவிட்டது.

மூன்றே மாதத்தில் புது ரப்பரும் கிழிந்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக், வண்டியைக் குழிமேல் நிறுத்தி, கீழே இறங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சக்கரம் தொங்கிக்கினு இருக்கறப்பவே போல்ட்ட முடுக்கிட்டீங்களா மாமா?"

"ஆமா. நல்லா இறுக்கித்தான் வெச்சேன்."

"அதான் வெனை. தொங்கறப்ப முடுக்குனா நிக்கறப்ப கிழியும்."

நல்ல வாக்கு என்று மனதில் முடிந்துகொண்டேன். முடுக்கிய நிலையிலேயே ரப்பர் பிடித்துக்கொள்ளுமாம். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் முறுக்கிக்கொண்டு கிழியுமாம். அதனால் போல்ட்டைத் தளரவிட்டு, வண்டியைத் தரையில் நிறுத்தி, வழக்கமாக ஏறுகிறவர்களை ஏற்றிவைத்துத்தான் கடைசி முடுக்கு.

புது ரப்பரை மாட்டிவிட்டுக் கேட்டார்: "வழக்கமா எத்தினி பேரு ஏறுவீங்க?"

"நாலு பேரு." வாய் முந்திக்கொண்டது.

"அவுங்க இல்லன்னா என்னா, ஆளா இல்ல?" என்று தெருப்பக்கம் குரல் கொடுத்தார். நான் ஸ்டீரிங் முன்னால் உட்கார, ஆட்டோக்காரர் ஒருவரும் அவர் மச்சானும் எதிர்க்கடையில் டீ போடும் அக்காவும் வந்து ஏறினார்கள்.

"எங்க போறோம் மாமா? பிச்சாவரமா?" என்றார் ஆட்டோக்காரர்.

"நீ ஏறுன வண்டி தெருமொனைய தாண்டுமா? தொப்ப ஜாஸ்தி," என்றார் அக்கா.

வண்டி குலுங்கச் சிரித்தோம். யாருடைய முழங்காலோ என் சீட்டின் முதுகில் இடித்தது. அப்படியே இருக்கட்டும் என்றிருந்தது. கீழே ஸ்பானர் கிறீச்சிட்டது. நால்வரின் பாரத்துக்கு முடுக்கிவிட்டு நான் ஒருத்தனாக ஓட்டினால், ரப்பர் மறுபடியும் முறுக்கிக்கொண்டுதான் கிடக்கும். மறுபடியும் கிழியும்.

"தம்பி, நிறுத்துங்க," என்றேன். "நாலு பேரு இல்ல. நான் ஒருத்தன்தான்."

குழிக்குள் மெக்கானிக் போல்ட்டை மறுபடியும் தளர்த்தினார்.

"சரி மாமா. அவுங்க எறங்கட்டும். நீங்க மட்டும் உக்காருங்க."

ஒவ்வொருவராக இறங்க இறங்க, வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பியது. ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் கதவை மெதுவாகச் சாத்தினார். அக்கா கடைக்குப் போய், ஒரு டம்ளர் டீயோடு ஜன்னலுக்கு வந்தார்.

"டீய குடுங்கக்கா," என்றார் மெக்கானிக் அடியிலிருந்து. "வண்டி மேல மட்டும் கைய வெச்சிடாதீங்க."