ஏரிக்கரைச் சாப்பாடும் என் கல்யாணமும்

பெண் பார்க்கப் போகும் வீட்டில், சம்பந்தம் உறுதியாகும் முன் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கை நனைத்துவிட்டால் சம்மதம் சொன்னது போல. இந்த வழக்கத்தை என் நைனா வெகு பத்திரமாகக் காப்பாற்றினார். எனக்காக அதுவரை மூன்று பெண்களைப் பார்த்திருந்தார். மூன்று வீடுகளிலும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று எழுந்துவிட்டார். ஒரு லெட்டரும் போகவில்லை. நான் அப்போது சித்தூர் தாலூகா கச்சேரியில் குமாஸ்தா. ஊரார் லெட்டரெல்லாம் எழுதினேன், எனக்கான லெட்டரைத் தவிர.

நான்காவது பெண் வடமாலபேட்டைக்குப் பக்கத்துக் கிராமம். அவளைப் புத்தூர்ச் சந்தையில் நான் முன்பே ஒருமுறை பார்த்திருந்தேன். வேர்க்கடலைக்காரனிடம் படி நிறையவில்லை என்று சண்டை போட்டு, மறுபடி அளக்கவைத்துக்கொண்டிருந்தாள். அளவில் இவ்வளவு கண்டிப்பான பெண்ணை விடக் கூடாது என்று அன்றே தீர்மானித்தேன். நைனாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்காகவே வேண்டாம் என்றிருப்பார்.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ், பத்தே முக்காலுக்கு இறக்கிவிட வேண்டிய எங்களைப் பன்னிரண்டு பத்துக்கு இறக்கிவிட்டது.

"வெறும் வயித்தோட போனா அவங்க வீட்டு கொழம்பு வாசனைக்கே மனசு எளகிப்பூடும். மொதல்ல துன்னுட்டுப் போலாம்டா" என்றார் நைனா.

ஏரியின் மேற்குக் கரையில் பனையோலைக் கொட்டகை போட்ட சாப்பாட்டுக் கிளப் ஒன்று இருந்தது. மூன்று பக்கமும் களாச் செடியும் சூரைப் புதரும் ஆள் உயரத்துக்கு நின்றன. நாலாவது பக்கம் தண்ணீர், பெஞ்சிக்கு ஏழடி தூரத்தில். புதருக்குள் கௌதாரி கத்தியது. திருப்பதிக்குப் போகிறவர்கள் இந்தக் கொட்டகையைத் திரும்பிப் பாராமல் போவார்கள். மொட்டைத் தலையோடு திரும்பி வருகிறவர்கள் நேரே வந்து உட்கார்ந்து மீன் கேட்பார்கள். அன்று அப்படி ஐந்து மொட்டைகள் இருந்தன.

தாமரை இலையில் சூடான களி. நடுவில் குழி பண்ணி விரால் குழம்பு. ஏரிக்காற்று வீச, இலை ஓரம் படபடத்தது. கடைக்காரர் பெரிய மீசைக்காரர். நைனா சாப்பிடும் வேகத்தைப் பார்த்துச் சொக்கிப்போனார்.

"பெரியவரே, இந்தத் தலைய துன்னுங்க. வூட்டுக்குன்னு எடுத்து வெச்சது. ஆசையா துன்றவங்களப் பார்த்தா எனக்கு மனசு கேக்காது."

நைனா மறுக்கவில்லை. நான் கை கழுவிக்கொண்டு, வழக்கம்போல் சாப்பிட்ட கணக்கைச் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஒன்றரைக்குப் பெண் வீடு. அவளுடைய தகப்பனார் பாய் விரித்தார். பெண் வந்து வணங்கிவிட்டு உள்ளே போனாள். நைனா தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஊருக்குப் போய்…" என்று ஆரம்பித்தார். அதற்குள் வாசலில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அதே மீசை.

"பொண்ணோட தாய்மாமன்" என்றார் தகப்பனார்.

"அட, இவங்களா! மச்சான், இவங்க நம்ம கிட்டதான் துன்னுட்டு வராங்க!"

"அப்போ கை நனைச்சாச்சு" என்று தகப்பனார் சிரித்தார்.

நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதெப்பிடி? காசு குட்த்து துன்னது எப்பிடி அதுல சேரும்?"

"களிக்குக் குட்த்தீங்க. மீன் தலைக்கு?" என்றார் மீசைக்காரர்.

"தலையா? இன்னா தலை?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நைனாவின் பார்வை மற்றவர்களுடையதைவிடச் சூடாக இருந்தது. நான் நோட்டை எடுத்தேன். கச்சேரியில் மனு வாசிக்கும் குரலில் வாசித்தேன்: "பன்னிரண்டு ஐம்பது. நைனாவுக்குக் களி மூன்று உருண்டை. குழம்பு நாலு தரம். விரால் தலை ஒன்று, கடைக்காரர் பிரியப்பட்டு வைத்தது, காசில்லை."

கதவுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

நைனா கையை விரித்தார். "பெத்த புள்ளையே சாட்சி சொல்றான். நான் இன்னா பண்ணட்டும்?" பிறகு தகப்பனார் பக்கம் திரும்பினார். "சரி, உங்க வூட்ல இன்னிக்கு இன்னா சமையல்?"

இரண்டே காலுக்கு மறுபடியும் இலை போட்டார்கள். எனக்குத் துளியும் பசி இல்லை. வைத்த எதையும் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டேன்.